நிரல் வாங்கிவரும் வலைப்பக்கம்

உலாவியில் நாம் பார்க்கும் வலைப்பக்கம் அடிப்படையில் ஓர் எழுத்துக் கோப்பு. எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்று குறிச்சொற்களால் அடையாளமிட்ட அந்தக் கோப்புக்கு எச்டிஎம்எல் என்று பெயர். உலாவி அதைச் சேவையகத்திலிருந்து வாங்கி, வண்ணமும் வடிவமும் கொடுத்துத் திரையில் காட்டுகிறது. காட்டுவதை விட்டுவிட்டு, வாங்குவதையும் பிரித்துப் படிப்பதையும் மட்டும் ஒரு நிரலிடம் ஒப்படைக்கலாம். அணைகளின் அன்றாட நீர்மட்டத்தையோ காய்கறிச் சந்தை விலையையோ மாதக்கணக்கில் தொகுப்பவர்களுக்கு இது பெரும் உதவி.

நிரல் செய்வது மிக எளிய செயல். சேவையகத்தோடு தொடர்பு ஏற்படுத்தி, 'கெட்' என்னும் கோரிக்கையை அனுப்புகிறது. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி 1991-இல் விவரித்த முதல் எச்டிடிபி நெறிமுறையில் கோரிக்கை முழுவதுமே ஒற்றை வரிதான்: கெட் என்ற சொல், அதையடுத்துப் பக்கத்தின் முகவரி. இன்று கேட்பவர் யார், எந்த மொழி வேண்டும் போன்ற விவரங்களும் கூடவே போகின்றன. பைதான் மொழியின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமோ கர்ல் என்னும் கருவியோ இவ்வளவையும் ஒரே கட்டளையில் முடித்துவிடும்.

பதிலோடு ஒரு நிலை எண் வரும். 200 என்றால் பக்கம் கிடைத்தது. 404 என்றால் அப்படியொரு பக்கம் இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டாகிவிட்டது. இந்த எண்ணைப் பார்க்காத நிரல், பிழைச் செய்தியையே செய்தியாக எடுத்துக்கொள்ளும். காத்திருப்புக்கும் கெடு வைக்க வேண்டும். கெடு சொல்லாவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் தானாகக் காத்திருப்பை முறித்துக்கொள்ளாது.

தமிழ்ப் பக்கங்களில் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். வந்து சேர்வது எழுத்துகள் அல்ல, வெறும் பைட்டுகள். யூடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையில் 'தமிழ்' என்ற சொல் மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் சேர்த்து 5 குறியீடுகள். குறியீட்டுக்கு 3 பைட்டாக மொத்தம் 15 பைட்டுகள். சேவையகம் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லாமல் அனுப்பினால், ரிக்வெஸ்ட்ஸ் அதை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்றே கொள்கிறது. பைட்டு ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்தாகி, சொல் சிதைந்துபோகும். ஆகவே பைட்டுகளை அப்படியே, குறிச்சொற்களைப் பிரித்துப் படிக்கும் பகுப்பிக்குக் கொடுப்பதே நல்லது. பக்கத்தின் தொடக்கத்தில் குறியாக்கத்தை அறிவிக்கும் வரி இருந்தால் பகுப்பி அதைப் படித்துக்கொள்ளும். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களிலும், தனி எழுத்துருக்களை நம்பியும் வெளியான தமிழ்ப் பக்கங்களுக்கு இதுவும் போதாது. குறியாக்கத்தைக் கண்டறிந்து, மாற்று அட்டவணை கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கங்களில் உள்ள தமிழைக் காப்பாற்ற இந்த உழைப்பு அவசியம்.

பகுப்பி குறிச்சொற்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கிளைவிட்ட மரம்போல் அமைத்துத் தருகிறது. லெனார்ட் ரிச்சர்ட்சன் 2004-இல் வெளியிட்ட பியூட்டிஃபுல் சூப் இதில் புகழ்பெற்றது. மூடப்படாத குறிச்சொற்கள் கிடந்தாலும் சமாளிக்கும். ஆனால் உள்ளடக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் வந்து நிரப்பும் பக்கமாக இருந்தால், நிரலின் கைக்குக் கிடைப்பது வெறும் கூடு. அங்கே திரையின்றி இயங்கும் உலாவி தேவைப்படும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மார்டைன் கோஸ்டர் 1994-இல் முன்வைத்த ரோபாட்ஸ் கோப்பு, தானியங்கி நிரல்கள் எந்தப் பகுதிக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது என்று சொல்கிறது. 2022-இல் அது முறையான இணையத் தரமாக வெளியானது. அது பூட்டு அல்ல, வேண்டுகோள். மதிப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. கோரிக்கைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். ஒருமுறை வாங்கிய பக்கத்தைச் சேமித்து வைத்துப் பயன்படுத்த வேண்டும். சிறிய சேவையகம் அடுத்தடுத்த கோரிக்கைகளில் திணறினால், அதை நம்பியிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் பக்கம் கிடைக்காது. நிரல் எழுதத் தொடங்குமுன், அதே தகவலைத் தரவுக் கோப்பாகத் தளமே வழங்குகிறதா என்று பாருங்கள். வழங்கினால் பக்கத்தைப் பிரிக்கும் வேலையே தேவையில்லை.