கழுத்துக் கட்டியும் ஒலியலைச் சோதனையும்

(கொடுமுடியில் கூடிய நம் சமூகத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குடும்பங்களை வீணே கலங்கச் செய்யும் ஒரு விஷயத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். வேறெதற்கோ ஈரோட்டிற்கோ கரூருக்கோ சென்று கழுத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்டவர், "தைராய்டில் கட்டி உளது" என்று எழுதிய தாளுடன் திரும்புகிறார். அன்று முதல் வீட்டில் நிம்மதியில்லை. கன்னிப்பெண்ணாயின் கலியாணப் பேச்சும் தடைப்படுகிறது. இவ்வச்சம் நியாயந்தானா என்பதை ஆராய்வோம்.

தைராய்டு என்பது முன்கழுத்தில் மூச்சுக்குழலைத் தழுவி நிற்கும் ஒரு சிறு சுரப்பி. வைத்தியர் விரலால் தடவிப் பார்த்தால், நூறு பேரில் ஏறக்குறைய 5 பேரிடமே அதில் கட்டி தென்படும். ஒலியலைக் கருவியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ளதையும் காட்டிவிடும். ஆதலின், அக்கருவியால் பொதுமக்களைச் சோதித்தவிடத்து, 100க்கு 19 முதல் 68 பேர் வரை கட்டி காணப்பெற்றது. ஆடவரினும் பெண்டிர்க்கு இது அதிகம்; வயது ஏற ஏற இன்னும் அதிகம். இச்சபையிலும் அறியாமலே அதனைச் சுமந்து சுகமாய் வாழ்வோர் பலர் இருப்பர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. புற்றுநோயாகத் தேறுவன சிலவே. அவற்றுள்ளும் பல மிக மெல்ல வளர்வன.

தேடினால் கிடைக்கும் என்பதற்குத் தென் கொரியாவே சாட்சி. அங்கு 1999க்குப் பின், நோய்க்குறி இல்லாதாரும் கழுத்தைச் சோதித்துக்கொள்வது வழக்கமாயிற்று. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஆயினும் அந்நோயால் இறப்போர் தொகையில் மாறுதல் இல்லை. நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்திலும் 2005 முதல் 2014 வரை பெண்டிரிடம் இந்நோய்க் கணக்கு ஏறக்குறைய இரட்டித்தது. இறப்போ அவ்வாறு பெருகவில்லை.

அறுத்தெறிந்துவிட்டால் என்ன என்பீர்கள். சுரப்பி முழுவதையும் எடுத்தால் ஆயுள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டும். அருகிலுள்ள நரம்பு பழுதுற்றால் குரல் கெடும். கொடுமுடிக் கோகிலம் கே. பி. சுந்தராம்பாளை ஈன்ற இவ்வூரார்க்குக் குரலின் அருமையை யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் அசட்டையும் ஆகாது. கட்டி விரைந்து வளர்தல், கல்போல் இறுகுதல், நீங்காத குரல் கம்மல், விழுங்குவதில் இடர், கழுத்தில் நெறிகட்டுதல், குடும்பத்தில் முன்பு இந்நோய் இருந்தமை, இளமையில் கழுத்திற்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றமை: இவற்றுள் ஒன்றிருப்பினும் தாமதியாது தேர்ந்த வைத்தியரை அடைக. மற்றையோர் இரத்தப் பரிசோதனை செய்து, கட்டியின் அளவும் தோற்றமும் எத்தகையன என்று வைத்தியரை வினவுக. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்கு ஊசிச் சோதனையும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. அவர் குறித்த காலத்தில் மீண்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பெண்ணைப் பெற்றோர்க்கும் பிள்ளையைப் பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். சுரப்பு சீராயிருப்பின், தீங்கற்ற சிறு கட்டி இல்லறத்திற்கோ மகப்பேற்றிற்கோ தடையன்று. ஒரு தாளைக் கண்டு ஒரு பெண்ணின் வாழ்வை மறுப்பது நமக்கு அழகாகாது. இதனைத் தத்தம் இல்லங்களில் எடுத்துரைக்குமாறு வேண்டி அமர்கிறேன்.