ஆயக்கட்டு இழந்த ஏரிகளும் வளரும் சென்னையும்

நகர வளர்ச்சியும் இயற்கை வளப் பாதுகாப்பும் என்னும் பொருளில் கூடியுள்ள இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. நீரியலார், நகரமைப்பாளர், சட்ட அறிஞர், வரலாற்று ஆய்வாளர் எனப் பல துறையினரும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். பொருள் மிகப் பெரிது. நான் சென்னையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலும் ஏரிகளைப் பற்றியே பேசப் போகிறேன்.

2022-ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இவ்வாறு சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிப்பாசன நாடு. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போகும் நீரை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ள, சரிந்து இறங்கும் நிலத்தில் கரைபோட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தார்கள் நம் முன்னோர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியும்; அந்த நீரே கீழ் ஏரிக்கு வரத்து. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என இறங்கிப் பள்ளிக்கரணைக் கழுவெளி என்னும் சதுப்புநிலத்தை அடையும் தொடர் அப்படிப்பட்டது. கழுவெளியின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் அருகே கடலைச் சேர வேண்டும்.

இந்த ஏரிகள் எப்படி அழிந்தன? கரையோரத்தில் குடிசை போட்டவர்மேல் பழியைச் சுமத்தி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். குடிசை வருவதற்கு வெகு முன்பே மதகுக்குக் கீழே இருந்த நன்செய் மனையாகிவிட்டது. ஏரி நீர் பாய்ந்த நிலமான ஆயக்கட்டு போனதும் மதகைத் திறக்க ஆளில்லை, கால்வாயைத் தூர்வார ஆளில்லை, கரை உடைந்தால் இரவில் ஓடிவர ஆளில்லை. பதிவேட்டில் அது பாசன ஏரி. தரையில் பாசனமே இல்லை. அப்படி நின்ற ஏரிகளைப் பயனற்ற புறம்போக்கு என்று கணக்கிட்டது அரசேதான். மாம்பலம் ஏரியின்மேல் 1920-களில் தியாகராய நகர் எழத் தொடங்கியது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் கட்டப்பட்டது. வேளச்சேரி ஏரியில் வீட்டு வசதித் திட்டங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பல்லாவரம் பெரிய ஏரியையும் பள்ளிக்கரணைக் கழுவெளியையும் ஊடறுத்துத் துரைப்பாக்கம் ரேடியல் சாலை போகிறது.

நிர்வாகப் பிரிவினையும் இன்றுவரை ஆயக்கட்டை வைத்துத்தான் நடக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்பது பழைய ஏற்பாடு. புல எண்ணும் எல்லையும் வருவாய்த் துறையிடம். ஏரியில் கலக்கும் சாக்கடை உள்ளாட்சியின் பொறுப்பில். சுற்றிலும் எழும் கட்டடத்துக்கு அனுமதி தருவது வேறோர் அலுவலகம். ஏரி ஒன்றுதான். அதை முழுதாகப் பார்க்கும் கண் எந்த மேசையிலும் இல்லை.

இதன் விளைவை நாம் அனைவரும் அனுபவித்தோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீர் ரயிலில் வந்தது. ஒரு கணக்கை உங்கள்முன் வைக்கிறேன். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 21 டி.எம்.சி. வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் முழுதாக நிரம்பினாலும் கொள்வது 11.25 டி.எம்.சி.தான். ஆவியாவதையும் ஓடிப்போவதையும் கழித்தாலும், நகரின் தலைமேல் விழும் மழை சிறிதன்று. அதை விட்டுவிட்டு வீராணம் ஏரிக்கும் கிருஷ்ணா நதிக்கும் கை நீட்டுகிறோம். மின்சாரத்தைக் கொட்டிக் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஆற்றங்கரையிலிருந்து அகற்றிய ஏழைக் குடும்பங்களைச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினோம். இரண்டும் பள்ளிக்கரணை நீர் வடியும் தாழ்ந்த நிலம். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளம் தேங்கும் இடத்துக்கு மனிதரைக் கொண்டுபோய்விடுவது அநீதி. திட்டமிடுதல் என்ற பெயரில் அது மீண்டும் நடக்கக் கூடாது.

செய்ய முடிந்தவற்றையும் நாம் கண்டிருக்கிறோம். பழைய கட்டடங்கள் உட்பட எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சமாகிறது. பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் பட்டியல் காப்பது கழுவெளியின் எல்லைக்குள் உள்ளதை. அதற்கு நீர் கொண்டுவரும் கால்வாயில் சுவர் எழுப்பினால் என்ன மிஞ்சும்? ஏரிகளைக் காக்க 2007-இல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் இப்படித்தான். ஏரிக்கு மேலே உள்ள பட்டா நிலம் மனையாவதை அது தடுக்காது.

ஆகவே, சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகிவரும் இந்த வேளையில், அதன் முதல் வரைபடம் நீர் ஓடும் வழியின் வரைபடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலையும் தொழிற்பேட்டையும் அதன்மேல் வரட்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்பவர், தம் நிலத்தில் ஓடும் வரத்துக் கால்வாயின் புல எண்ணைக் காட்டியாக வேண்டும். பாசனம் நின்றுவிட்ட ஏரிகளுக்கு நிலத்தடி நீர் ஊட்டலையும் வெள்ளத் தணிப்பையும் சட்டப்படி பயன்பாடாக எழுதி, ஒரே பொறுப்பாளரை அமர்த்த வேண்டும். புதிய எல்லைக்குள் இன்னும் நெல் விளைவிக்கும் உழவருக்கு, அந்த நிலத்தை விற்காமல் வைத்திருக்க ஆண்டுதோறும் ஒரு தொகை தருவதில் தவறென்ன? அவர் வயல் நகருக்காகத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

இம்மாநாட்டில் கட்டுரை படிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதேனும் ஓர் ஏரித்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடத்தோடு நேரில் நடந்து பாருங்கள். எங்கே கால்வாய் அடைபட்டது, எந்த ஆணையால் அடைபட்டது என்று எழுதுங்கள். அதைத் தமிழில் எழுதி, அந்த ஊர் மக்களிடமும் முழுமைத் திட்டத்தை உருவாக்குபவர்களிடமும் சேர்ப்பியுங்கள். திட்டம் கையெழுத்தாவதற்கு முன் உங்கள் கட்டுரைகள் போய்ச் சேர வேண்டும். மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.