கற்றுக்கொண்ட மனரம்மியம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கிறிஸ்துமஸ் பற்றிச் சில நிமிடங்கள் பேசச் சொன்னார்கள். நான் போதகர் அல்ல; வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வலது கையும் காலும் செயலிழந்தன. ஞாயிறு தவறாமல் ஆலயம் போய்வந்தவள், மூன்றாம் மாடியில் ஓர் அறைக்குள் அடங்கிப்போனாள். பார்க்க வந்தவர்கள் ‘எல்லாம் நன்மைக்குத்தான்’ என்று ஆறுதல் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ஜெபித்ததற்கு இதுவா பலன் என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தூக்கம் வராத ஓர் இரவில், பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். மொத்தம் 4 அதிகாரங்கள்தான். சிறையிலிருந்து எழுதியது. விடுதலையா, மரணமா என்று தெரியாத நிலை. அந்தப் பிலிப்பி பட்டணத்திலும் அவர் சுகமாக இருந்ததில்லை. அங்கே அவரையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். அந்த நடுராத்திரியில்தான் இருவரும் பாடினார்கள்.

அந்த ஊர் மக்களுக்குத்தான் பவுல், எந்த நிலைமையிலும் மனநிறைவோடு இருக்க முடிகிறது என்று எழுதுகிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்கு ‘மனரம்மியம்’ என்று ஓர் அழகான சொல் உண்டு. ஆனால் என்னை நிறுத்தியது அடுத்த சொல்: ‘கற்றுக்கொண்டேன்.’ அது அவருக்குப் பிறவியிலேயே இருந்த குணமல்ல. பசியிலும் நிறைவிலும் இருந்து பார்த்துக் கற்றது. பவுலே படித்துத்தான் தேறினார் என்றால், முதல் பாடத்திலேயே நான் தடுமாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று தோன்றியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பவுல் அந்தக் கடிதத்தில் நன்றியும் சொல்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். கிறிஸ்துவே தமக்குப் பெலன் என்று சொன்ன கையோடு, என் கஷ்டத்தில் நீங்கள் பங்குகொண்டது நல்லது என்றும் பவுல் எழுதுகிறார். அப்படியானால் மனநிறைவு என்பது ‘எனக்கு யாரும் வேண்டாம்’ என்று இருப்பதல்ல.

நான் அப்படித்தான் இருந்தேன். யார் கேட்டாலும் ‘பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பேன். பிறகு ஒரு வாரம் லிப்ட் வேலை செய்யவில்லை. பிசியோதெரபிக்குப் போயே ஆகவேண்டும். நம் பிளாக் பிள்ளைகள் நான்கு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளோ, ‘பல்லக்கில் போகிறேன், பாருங்கள்’ என்று சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு அது.

எங்கள் நெல்லைப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். அயர்லாந்தில் பிறந்து, ஆதரவற்ற குழந்தைகளுக்கு அம்மாவாக வாழ்ந்தவர். 1931இல் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளிகளுக்காக ஒரு நோயாளியாக இருந்து எழுதியது. சுகமாயிருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் படுத்திருப்பவர்களுக்கு எட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் மனைவிக்கு அவர் கதை மிகவும் பிடிக்கும்.

அவளுக்கு வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. எனக்கும் சில காலைகளில் முணுமுணுப்பு வருகிறது. பாடம் இன்னும் முடியவில்லை. ஆனால் என் ஜெபம் மாறியிருக்கிறது. முன்பு ‘இதை மாற்றும்’ என்று மட்டும் கேட்பேன். இப்போது ‘இதற்குள் எங்களோடு இரும்’ என்றும் கேட்கிறேன். கிறிஸ்துமஸ் சொல்வதும் அதுதானே? சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தைக்கு இம்மானுவேல் என்று பெயர். தேவன் நம்மோடு இருக்கிறார் என்பது அதன் பொருள்.

இந்த வருடம் வாழ்த்து அட்டைகளில் அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அட்டையை வாங்கிக்கொள்ள நீங்களே மூன்றாம் மாடிக்கு வரவேண்டும் என்பது அவள் உத்தரவு. கேக்கும் இருக்கிறது. நாற்காலி தூக்கிய அந்த நான்கு பிள்ளைகளுக்கு இரண்டு துண்டு!

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.