பிறர் இல்லத்திற்கு எழுதும் மொழிபெயர்ப்பு



தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்துங்கால், தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் வெவ்வேறாக வைக்கின்றது. கணிப்பொறித் துறையார் 'கம்பைலர்' என்பதைத் 'தொகுப்பி' என்பர். ஆயினும் அது செய்வது மொழிபெயர்ப்பே. மனிதர் எழுதிய நிரலைப் பொறியின் கட்டளைகளாகப் பெயர்க்கின்றது.

அதில் ஒருவகை 'கிராஸ் கம்பைலர்'. அது இயங்குவது ஒரு பொறியில். அது ஆக்கும் நிரல் இயங்கவேண்டியது வேறொரு பொறியில். மேசைக் கணிப்பொறியில் இருப்பது இன்டெல் செயலி. நிரல் செல்லும் சிறு பொறியில் இருப்பது ஆர்ம் செயலி எனக் கொள்வோம். இதனை அமைப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் நமக்கும் பாடமாவன.

முதலாவது, உள்ளூர்க் கம்பைலரே பணியை முடித்துவிடுவது. இங்கே பிழை தோன்றாது. சிறு பொறியோ 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று மறுக்கும். 'ஃபைல்' என்னும் கட்டளை அந்தக் கோப்பு எந்தச் செயலிக்குரியது என்பதை உரைத்துவிடும்.

இரண்டாவது, தன் வீட்டு நூலகத்தையே வாசகர் வீட்டு நூலகமாகக் கொள்வது. இலக்குப் பொறியின் நூலகக் கோப்புகளைத் தனியிடத்தில் வைத்து, அதனைச் 'சிஸ்ரூட்' என்று சுட்டிக்காட்டுவதே இதற்கு மருந்து.

மூன்றாவது விந்தையானது. கோப்பு கண்ணெதிரே இருக்கும். 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பொறி கூறும். பெரும்பாலும் அங்கு இல்லாதது அந்தக் கோப்பன்று. அதனை நூலகங்களோடு இணைத்து இயக்கத் துணைசெய்யும் 'லோடர்'. நிரல் தன்னுள் குறித்துவைத்த பெயரில் அங்கே லோடர் இல்லை.

நான்காவது நுட்பமானது. 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பையின் முதல் மாதிரி, ஆர்ம் கட்டளைத் தொகுதியின் 6ஆம் பதிப்பைச் சேர்ந்தது. டெபியன் வழங்கும் 'ஆர்ம்எச்எஃப்' கம்பைலரோ 7ஆம் பதிப்பிற்கு எழுதுவது. இரண்டும் ஆர்ம்தான், ஆயினும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நிரல் நின்றுவிடும். மொழி ஒன்று, வழக்கு வேறு.

இவை பெரும்பாலும் பிறப்பது இங்கே, வெளிப்படுவது அங்கே. எனவே, ஆக்கியோன் மேசையில் பிழையின்றி முடிந்தமை சான்றாகாது. சென்றடையும் இடத்தில் ஓடிக்காட்டுவதே சான்று.

நம் மன்றத்தில் மொழிபெயர்ப்புக் கவிதைகளை மூலமும் அறிந்தவர்களே கேட்டு மகிழ்கின்றோம். விடுபட்டதை நம் நினைவே நிரப்பிவிடுகின்றது. நம் வீட்டு நூலகம் அது! பதினோராம் ஆண்டிலேனும் மூலமறியாத ஒருவரை அழைத்து அவர்முன் படிப்போம். அவர் எங்கே தயங்குகின்றாரோ, அங்கே நம் பணி எஞ்சியிருக்கின்றது.