தேக்கடிப் பெண்களும் எங்க மலையும்



நான் பிறந்தது ஜவ்வாது மலை, வாழ்க்கைப்பட்டது ஆம்பூர். கேரளாவில் தேக்கடிக் காட்டில் பட்டை உரித்துத் திருடிய 23 பேரை வனத்துறை வழிகாட்டிகளாக மாற்றியது. காட்டையும் பறவைகளையும் வெளியூர்க்காரங்களுக்குக் காட்டிச் சம்பாதிச்சாங்க. அங்கேயே 2002-ல் 'வசந்த சேனை'ன்னு பெண்கள் சேர்ந்து, கூலி வாங்காமல், முறைவைத்துக் காட்டுக்குக் காவல் போனாங்க. சந்தன மரத்தைக் காப்பாத்தத்தான்.

எங்க மலைச் சந்தனம் எங்கே போச்சு? என் பெரியப்பாவும் ராத்திரியில் கட்டை சுமந்தவர்தான். அந்தக் காசில் வாங்கின கம்மல் என் காதில் கிடந்தது, சொல்லவே கூச்சமா இருக்கு. ஆம்பூரில் விடிஞ்சா ஷூ கம்பெனி வேன் வருது. மலையில் எந்த வேன் வந்தது?

கறவை மாட்டுக்கு, தையல் மிஷினுக்குக் கடன் தர்றோம். பறவை பார்க்க வர்றவங்க தங்க, மலைமேல் ஒரு வீட்டுக்கும் கொடுத்துப் பாருங்க. சாமைச் சோறு பொங்கிப் போட எங்க அண்ணி தயார்.