ஆட்சி மாறியது, ஊழியர்கள் நின்றார்கள்

1954 நவம்பர் 1, புதுச்சேரியில் ஆட்சி கைமாறிய நாள். பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால் மறுநாளும் தெருக் குப்பையை அள்ள வேண்டும், பிறப்பு இறப்பைப் பதிய வேண்டும். யார் செய்வது?

1956 மே 28-ல் கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் இதற்கு வழி சொன்னது. பிரான்சின் நேரடிப் பணிப்பிரிவினர் நீங்கலாக, ஊழியர்கள் எல்லோரையும் இந்திய அரசே ஏற்றுக்கொள்ளும். சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் முன்பு இருந்தபடியே. பழைய ஆட்சியில் கடமையாகச் செய்த எதற்காகவும் யாரும் பதவி இழக்கக் கூடாது. என்னைக் கேட்டால், இந்தக் கடைசி உறுதிமொழிதான் பெரிது. பயம் இருந்தால் நல்ல ஊழியர் தங்க மாட்டார்.

அவர்களோடு ஓர் அரிய திறமையும் தங்கியது. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் பிரெஞ்சில், கையால் எழுதப்பட்டவை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் நம் ஊரில் இருக்கின்றன. தாத்தா, பாட்டியின் பதிவு அவர்களுக்குத் தேவைப்படுகிறது. 2014-ல் இடிந்த நகர மன்றத்தை, அதாவது மேரி கட்டடத்தை, மீண்டும் கட்டி 2021-ல் திறந்துவிட்டோம். கட்டடத்தை அப்படி மீட்டுவிடலாம்; பழைய பதிவேடுகளின் கையெழுத்தைப் படிக்கும் பழக்கமோ, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். அனுபவசாலி ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே, அவர் பக்கத்தில் ஓர் இளைஞரை நிரந்தரப் பணியில் உட்கார வையுங்கள். பிரெஞ்சு படித்த பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.