ஆராய்ச்சி நிதியும் அதன் புதிய வாயிலும்

விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அரசாங்கம் செய்யும் பொருளுதவியைப் பற்றி முன்பெல்லாம் ஆண்டறிக்கைகளின் மூலமாகவே நாம் அறிந்து வந்தோம். இன்று அப்பணியை இணையதளம் மேற்கொண்டுவிட்டது. விண்ணப்பம் போவதும் அதன் வழியே. விடை வருவதும் அதன் வழியே. ஆகையால் அத்தளத்தைப் புதுப்பிப்பது சுவருக்கு வெள்ளையடிப்பது போன்ற காரியமன்று.

நம் நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததையே எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் பல்லாண்டுகள் நிதி வழங்கி வந்தது. 2023இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய புதிய சட்டம் 2024 பிப்ரவரி 5ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதனால் 'அநுசந்தான்' தேசிய ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. பழைய வாரியம் அதனுள் அடங்கிற்று. அநுசந்தானம் என்றால் நம்மவர் பாசுரம் ஓதுவதை நினைப்பர். வடநாட்டில் அதற்கு ஆராய்ச்சி என்றே பொருள். ஆகவே பெயரில் ஆராய்ச்சி இருமுறை நிற்கிறது! ஐந்தாண்டுகளுக்குத் திட்டமிட்ட தொகை 50,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி தொழில் நிலையங்கள், கொடையாளர் முதலியோரிடமிருந்து வரவேண்டும் என்பது கருத்து. அவர்கள் மனம் எவ்வளவு இளகும் என்பது வேறு விஷயம்.

பெயர் மாறவே தளத்தின் முகவரியும் மாறிற்று. சங்கடம் எழக்கூடிய இடம் இதுதான். மூன்றாண்டு ஆராய்ச்சிக்கு அநுமதியாகும் பணம் ஒரே தவணையில் வருவதில்லை. ஆண்டுதோறும் செலவுக் கணக்கையும், பணத்தை முறையாகப் பயன்படுத்தியதற்கான சான்றிதழையும் அனுப்பிய பின்னரே அடுத்த தவணை கிடைக்கும். பழைய வாரியத்தின் பெயரால் தொடங்கிய ஆராய்ச்சியின் கோப்பு எண் புதிய தளத்தில் அகப்படாவிட்டால், கௌஹாத்தியிலோ போபாலிலோ பணிபுரியும் இளம் ஆராய்ச்சியாளரின் மாதச் சம்பளமே தடைப்படக்கூடும். அவர் நம் இல்லத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். தலைநகரின் பெரிய கழகங்களில் இருப்போர் நேரில் சென்று விசாரித்துக்கொள்வர். தொலைவிலுள்ள ராஜ்யச் சர்வகலாசாலை ஆசிரியருக்குத் தளம் ஒன்றே வாயில். இத்தகைய சர்வகலாசாலைகளைச் சிறந்த கழகங்களுடன் இணைத்து வளர்க்கும் திட்டம் ஒன்றும் புதிய நிறுவனத்தில் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர்களும் இவர்களே.

எனவே அழகிய படங்களைக் காட்டிலும் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் தானே அழைத்துச் செல்லும் ஏற்பாட்டையே நாம் பெரிதாக மதிப்போம். அரசாங்கத் தளங்களுக்கென 2009இல் வகுக்கப்பட்டு, பின்னர்த் திருத்தப்பட்ட நெறிமுறைகள், செய்திகள் கடைசியாகப் புதுக்கப்பட்ட தேதியைக் காட்டவேண்டும் என்கின்றன. விண்ணப்பத்தின் இறுதி நாளும் அதனருகிலேயே முகப்பில் விளங்குமானால், ஆசிரியர் பக்கம் பக்கமாகத் தேடி அலையவேண்டியதில்லை.